பன்னிரண்டு மணிக்குப் போகாத நிழல்

"22.08.2023, செவ்வாய். நிகழ்வு: நிழலில்லா நாள். இடம்: பள்ளி மைதானம். நேரம்: நண்பகல் 12.00. பங்கேற்றோர்: ஆறு முதல் ஒன்பது வரையிலான வகுப்புகள். நிழல் மறையவில்லை. எதிர்பார்த்த பலன் கிட்டவில்லை. நிகழ்வு 12.06-க்கு முடிந்தது."

புதுச்சேரியின் பாகூர் கொம்யூன் பஞ்சாயத்தில் நான் கடைசியாக வேலை பார்த்த அரசுப் பள்ளியின் நிகழ்ச்சிப் பதிவேட்டில் இருக்கும் பதிவு இது. எழுதியவன் நான். கீழே தலைமையாசிரியர் பச்சை மையில் சுருக்கொப்பம் போட்டிருக்கிறார். தேதி சரி, கிழமை சரி, நேரம் சரி. பன்னிரண்டு மணிக்கு நிழல் மறையவில்லை என்பதும் சரி. ஆனாலும் என் ஆயுளில் நான் எழுதிய வரிகளில் இதைப் போல ஒருவருக்குத் தீங்கு செய்த வரி வேறில்லை.

நான் சமூக அறிவியல் ஆசிரியர். கல்லூரி நாளிலிருந்து நாட்குறிப்பு எழுதி வருகிறேன். மழை எப்போது பிடித்தது, எப்போது விட்டது, மின்சாரம் எத்தனை மணிக்குப் போனது, எந்தப் புத்தகத்தை எந்த நாளில் முடித்தேன் என்றெல்லாம் அதில் இருக்கும். இந்தப் பழக்கத்தால் எந்தப் பள்ளிக்குப் போனாலும் நிகழ்ச்சிப் பதிவேடு என்னிடம் வந்து சேர்ந்துவிடும். "அந்தப் பெருமழ எந்தத் தேதின்னு கூகுளக் கேக்காத, சாரக் கேளு" என்பது ஆசிரியர் அறையில் நிலைத்துவிட்ட கேலி. கேலிதான் என்றாலும் அதில் எனக்குள்ளே ஒரு பெருமை இருந்தது. நடந்ததற்கெல்லாம் அந்தப் பெருமையைத்தான் இன்று நான் காரணமாகச் சொல்ல வேண்டும்.

அறிவியல் ஆசிரியை ஒப்பந்த முறையில் 2022-இல் வந்து சேர்ந்தார். சுத்துக்கேணியிலிருந்து வருவார். வில்லியனூரில் இறங்கி அடுத்த பேருந்து பிடிக்க வேண்டும். முதல் மணி அடிப்பதற்குள் வந்துவிடுவார், ஆனால் மூச்சு வாங்கிக்கொண்டு வருவார். பாடம் நடத்தும்போது கையில் எதையாவது வைத்திருப்பார்: பந்து, எலுமிச்சம்பழம், டார்ச் விளக்கு. பூமியின் அச்சு சாய்ந்திருக்கிறது என்பதைக் காட்ட ஒரு கத்தரிக்காயில் குச்சி செருகிக்கொண்டு வகுப்புக்குப் போனதை நான் பார்த்திருக்கிறேன். அன்று பிள்ளைகள் வீட்டுக்குப் போய், டீச்சர் பூமியைக் குழம்பு வைக்கப் போகிறார் என்று சொன்னார்களாம்.

அவருக்கு ஓர் ஆசை இருந்தது. மாதத்தில் ஒரு சனிக்கிழமை, பொழுது சாய்ந்த பிறகு ஒரு மணி நேரம் பிள்ளைகளை மைதானத்தில் உட்காரவைத்து வானத்தைக் காட்ட வேண்டும். 2023 ஆகஸ்ட் கடைசியில் சனிக்கோள் சூரியனுக்கு நேர் எதிர்ப்பக்கம் வரவிருந்தது. மேற்கே சூரியன் மறைய, கிழக்கே சனி எழும். சிறிய தொலைநோக்கியிலேயே வளையம் தெரியும் என்று சொல்வார். நகரத்தில் இருந்த ஒரு தன்னார்வக் குழு தொலைநோக்கியைக் கொண்டுவரச் சம்மதித்துவிட்டது. தலைமையாசிரியரின் அழைப்புக் கடிதம் ஒன்றுதான் தேவை.

ஜூலை மாதம் அந்தக் கடிதத்தைக் கேட்டபோது நானும் அந்த அறையில் இருந்தேன்.

"சனியையா?" என்றார் தலைமையாசிரியர். "டீச்சர், சனியப் பாக்கறதுக்கு ஜனங்க திருநள்ளாறு போவாங்க. போய்ட்டு, குளிச்சிட்டு, கட்டுன துணியையும் அங்கியே வுட்டுட்டு வருவாங்க. நீங்க இன்னாடான்னா சனிய ஸ்கூலுக்கே கூப்புடறீங்க."

"அது கோள் சார். வளையம் இருக்கற கோள்."

"எனக்குத் தெரியும். பசங்க வூட்டுல தெரியணுமே." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "மொதல்ல பகல்ல ஒண்ணு செஞ்சு காட்டுங்க. ஊரு பாக்கட்டும். அது நல்லா நடந்துச்சுன்னா லெட்டர் நான் அன்னைக்கே தரேன்."

அவர் கெட்டவர் இல்லை. இதை நான் எழுதியாக வேண்டும். சொன்னபடி நடந்திருந்தால் கடிதம் கொடுத்திருப்பார்.

பகலில் செய்து காட்டுவதற்கு ஆசிரியை தேர்ந்தெடுத்தது நிழலில்லா நாளை. சூரியன் தினமும் உச்சியில் நம் தலைக்கு நேராக வருகிறது என்று பலரும் நினைக்கிறோம். வருவதில்லை. பூமியின் அச்சு சாய்ந்திருப்பதால் சூரியன் நேர் மேலே நிற்கும் இடம் ஆண்டு முழுவதும் கடக ரேகைக்கும் மகர ரேகைக்கும் இடையில் வடக்கும் தெற்குமாக நகர்ந்துகொண்டே இருக்கிறது. இடையில் இருக்கும் ஊர்களுக்கு அது ஆண்டில் இரண்டு நாள் மட்டும் நேர் மேலே வரும், வடக்கே போகும்போது ஒரு நாள், திரும்பும்போது ஒரு நாள். டெல்லிக்காரர்களுக்கு அந்த வாய்ப்பே கிடையாது. எங்கள் பக்கத்துக்கு ஏப்ரலில் ஒன்று, ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தில் ஒன்று. அந்த நாள் உச்சியில் செங்குத்தாக நிற்கும் எந்தப் பொருளின் நிழலும் அதன் காலடிக்குள்ளேயே அடங்கிவிடும். பார்ப்பதற்குப் பொருள் மிதப்பது போல இருக்கும். செலவில்லை, ஆபத்தில்லை, சூரியனை நிமிர்ந்து பார்க்கவும் வேண்டாம்.

ஆகஸ்ட் 21, திங்கட்கிழமை. ஆசிரியர் அறையில் மறுநாள் ஏற்பாட்டைப் பேசினோம்.

"பன்னெண்டு பதினாலுக்கு சார்" என்றார் ஆசிரியை. "ஒரு நிமிஷம் முன்ன பின்ன இருக்கலாம்."

விளையாட்டு ஆசிரியர் சாப்பாட்டு டப்பாவிலிருந்து தலையைத் தூக்கினார். "பன்னெண்டு பதினாலா? இன்னா டீச்சர், பஸ் டைம் மாதிரி சொல்றீங்க? நம்ப ரூட்டுல பஸ்ஸே அப்பிடி வராது."

"பஸ் வராது சார். சூரியன் வரும்."

தலைமையாசிரியருக்கு வேறு கவலை. "பன்னெண்டு பத்துக்கு சாப்பாட்டு மணி அடிக்கணும். வேன் வந்து நின்னுடும். அதுக்கப்பறம் பசங்கள வெயில்ல நிக்க வெச்சா, நாளைக்கு அவங்க அப்பன் ஆத்தா என் ரூம்ல வந்து நிப்பாங்க." என் பக்கம் திரும்பினார். "உச்சின்னா பன்னெண்டு மணிதான சார்? நீங்க சொல்லுங்க. தேதி நேரமெல்லாம் உங்க டிபார்ட்மெண்ட்."

நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சொன்னேன், "உச்சின்னா பன்னெண்டுதான். கோயில்ல உச்சிக்கால மணியே அதுக்குத்தான அடிக்கறாங்க."

"கோயில்ல கடிகாரத்தப் பாத்துதான் சார் மணி அடிக்கறாங்க" என்றார் ஆசிரியை.

அறை சிரித்தது. அவர் என்னைக் கேலி செய்வதற்காகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார். ஆனால் சிரித்தவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்ததாக எனக்குப் பட்டது. காது சூடாகிவிட்டது.

"டீச்சர், சயின்ஸ் உங்களோடது. ஒத்துக்கறேன். ஆனா முப்பது வருஷமா நேரத்த எழுதிட்டு வரவன் நான்" என்றேன்.

இதைப் போல ஓர் அர்த்தமற்ற வாக்கியத்தை நான் வேறெப்போதும் பேசியதில்லை. முப்பது ஆண்டுகளாக நான் எழுதியது கைக்கடிகாரம் காட்டியதை மட்டுமே. அந்தக் கடிகாரத்துக்கும் எங்கள் வானத்துக்கும் என்ன உறவு என்று ஒரு நாளும் கேட்டதில்லை. இத்தனைக்கும் ஆண்டுதோறும் ஆறாம் வகுப்புக்கு நான்தான் சொல்லித் தருவேன்: இந்தியாவின் திட்ட நேரம் 82½ பாகை கிழக்குத் தீர்க்கரேகையைக் கொண்டு கணக்கிடப்படுகிறது, ஒரு பாகையைக் கடக்கச் சூரியனுக்கு நான்கு நிமிடம். இரண்டு மதிப்பெண் கேள்வி. எழுதாத பிள்ளைகளை எழுத வைத்திருக்கிறேன். அந்தக் கணக்கு எங்கள் மைதானத்துக்கும் பொருந்தும் என்று அன்று எனக்குத் தோன்றவே இல்லை.

"அப்ப பன்னெண்டு மணி" என்று தலைமையாசிரியர் முடித்தார். ஆசிரியை என்னைப் பார்த்தார். நான் புத்தகத்தைத் திறந்துகொண்டேன்.

மறுநாள் வானம் துடைத்துவிட்டது போல இருந்தது. நாட்குறிப்பில் "மேகமில்லை, காற்றில்லை" என்று இருக்கிறது. ஆசிரியை ஒரு மீட்டர் பிளாஸ்டிக் குழாயை ஒரு தட்டையான பலகையில் பொருத்தி, மைதான ஓரத்துச் சிமெண்ட் தரையில் நிறுத்தியிருந்தார். நேராக நிற்கிறதா என்று பார்க்க நூலில் ஒரு பூட்டைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார். பதினொரு மணியிலிருந்து பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியில் சாக்பீஸால் கோடு போட்டு, பக்கத்தில் நேரத்தையும் எழுதினார். பதினொன்றுக்கு முப்பத்து மூன்று சென்டிமீட்டர். பதினொன்றரைக்குப் பத்தொன்பது. கோடுகள் மேற்கிலிருந்து குழாயை நோக்கி ஒவ்வொன்றாக நெருங்கி வந்துகொண்டிருந்தன.

பதினொன்று ஐம்பதுக்குப் பிள்ளைகள் வந்தார்கள். ஆளுக்கொரு தண்ணீர் பாட்டிலைத் தரையில் நிறுத்திக்கொண்டார்கள்.

"டேய், என் நெழல மிதிக்காதடா."

"இன்னும் கொஞ்ச நேரத்துல உனக்கு நெழலே கெடையாது, இன்னாத்துக்குக் கத்தற?"

"நெழலு இல்லன்னா பேய்டா."

"நீ நெழலு இருக்கும்போதே அப்பிடித்தான் இருக்க."

பன்னிரண்டுக்குக் கோயில் மணி கேட்டது. எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். ஒவ்வொரு பாட்டிலின் அடியிலும் விரல் அகலத்துக்கு நிழல் ஒட்டிக்கொண்டிருந்தது. குழாயின் நிழல் ஆறு சென்டிமீட்டர்.

"போவல டீச்சர்" என்றாள் முன்வரிசையில் ஒரு சிறுமி. அவள் குரலில் ஏமாற்றத்தைவிட ஆசிரியைக்காக ஒரு சங்கடம்தான் இருந்தது.

தலைமையாசிரியர் வராந்தாவிலிருந்து இறங்கி வந்தார். "இன்னா டீச்சர், நெழலு ஒத்துக்கல போலிருக்கே?"

பிள்ளைகள் சிரித்தார்கள். ஆசிரியையும் சிரித்தார். "இன்னும் பதினாலு நிமிஷம் சார். கோடப் பாருங்க. அரமணி நேரத்துல பதிமூணு சென்டிமீட்டர் கொறஞ்சிருக்கு. மிச்சம் ஆறுதான். கணக்கு போட்டா..."

"சாப்பாடு ஆறிடும் டீச்சர்."

"ஒரே ஒரு நாள் சார். சாப்பாட்டு மணிய ஒரு பத்து நிமிஷம்..."

தலைமையாசிரியர் என்னைப் பார்த்தார். நான் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். கோடுகளை நானும் பார்த்தேன். மூன்றாம் வகுப்புக் கணக்கு அது. அவர் சொன்னதைச் சரிபார்க்க எனக்குத் தேவைப்பட்டதெல்லாம் அரை நிமிடம். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "பன்னெண்டு அஞ்சு ஆயிடுச்சு சார்" என்றேன்.

அவ்வளவுதான். தலைமையாசிரியர் கையைத் தட்டினார். "சரி, சரி. எல்லாரும் கை கழுவப் போங்க." மைதானம் ஒரு நிமிடத்தில் காலியாயிற்று.

நான் வராந்தாவில் உட்கார்ந்து, நடந்ததை நடந்தபடி எழுதினேன். பதிவேட்டை எடுத்துக்கொண்டு தலைமையாசிரியர் அறைக்குப் போகும்போது பின்னால் குரல் கேட்டது.

"சார்! சார்! ஒரு நிமிஷம் வாங்க சார்!"

ஆசிரியையின் குரல். மைதானத்தில் அவர் ஒருவர்தான் இருந்தார். வாதம் செய்யக் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதுகூட முழு உண்மை இல்லை. அந்தக் குரலில் வாதம் இல்லை, சந்தோஷம்தான் இருந்தது என்று அப்போதே எனக்குத் தெரியும். நான் திரும்பவில்லை. அறைக்குள் போனேன். தலைமையாசிரியர் படித்துப் பார்த்து ஒப்பமிட்டார். சுவர்க்கடிகாரத்தில் பன்னிரண்டு பதினாறு.

அன்று மாலை வில்லியனூரில் என் வீட்டில் நிலவரைபடப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பாகூர் ஏறத்தாழ 79¾ பாகையில் இருக்கிறது. 82½-லிருந்து அதைக் கழித்தால் 2¾. நான்கால் பெருக்கினால் பதினொன்று. எங்கள் உச்சி பன்னிரண்டு மணிக்கு வரவே முடியாது. சராசரியாகப் பதினொரு நிமிடம் பிந்தித்தான் வரும். மீதி மூன்று நிமிடம் பிடிபடாமல் இருந்தது. அதற்கு இன்னொரு புத்தகம் தேடி வாசிக்க வேண்டியிருந்தது. பூமி சூரியனைச் சுற்றும் பாதை சரியான வட்டம் இல்லை, அச்சும் சாய்ந்திருக்கிறது. இந்த இரண்டும் சேர்ந்து சூரியனை ஆண்டின் சில மாதங்களில் கடிகாரத்தை முந்த வைக்கின்றன, சில மாதங்களில் பிந்த வைக்கின்றன. ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தில் மூன்று நிமிடம் பிந்தல். பதினொன்றும் மூன்றும் பதினான்கு.

இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. ஆகவே அறியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு இருந்த அவகாசம் ஏழு மணி நேரம் மட்டுமே. அதன் பிறகு நடந்ததெல்லாம் அறிந்து செய்தவை.

மறுநாள் புதன்கிழமை, ஆகஸ்ட் 23. சந்திரயான்-3 நிலவில் இறங்கிய நாள். பள்ளி முடிந்த பிறகும் பிள்ளைகளைப் போகவிடாமல் தொலைக்காட்சிப் பெட்டி முன்னால் உட்கார வைத்திருந்தோம். முதல் நாள் பத்து நிமிடம் வெயிலில் நிற்க வைக்கப் பயந்த தலைமையாசிரியர், அன்று ஆறரை மணி வரை யாரையும் அனுப்பவில்லை. பெற்றோரும் வந்து பின்னால் நின்றிருந்தார்கள். ஆசிரியை நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார். நானும் ஒரு பக்கம் பிடித்தேன்.

"சார், நேத்து வந்துச்சு" என்றார். "பன்னெண்டு பதினாலுக்கு. குழா அடியில ஒண்ணுமே இல்ல. பூட்டோட நெழலு பூட்டுக்கு அடியிலயே இருந்துச்சு. உங்களக் கூப்புட்டனே?"

"அப்பிடியா?" என்றேன்.

தெரியாதவன் போல அப்படியா என்றேன்.

அவர் நாற்காலியைக் கீழே வைத்தார். "ரிஜிஸ்டர்ல ஒரே ஒரு வரி சேத்துடுங்க சார். நீங்க எழுதனத அடிக்க வேணாம், அதுவும் சரிதான். கீழ ஒரு வரி. பன்னெண்டு பதினாலுக்கு மறைஞ்சுதுன்னு. எச்.எம். லெட்டர் கேட்டா அதத்தான் பாப்பாரு."

என் கௌரவத்துக்குக் குறைவு வராமல் அவரே வழி செய்து கொடுத்தார். அதையும் நான் எடுத்துக்கொள்ளவில்லை.

"கையெழுத்து ஆயிடுச்சேமா. கையெழுத்து போட்ட பதிவுல மறுபடி எழுதனா நல்லா இருக்காது. பாக்கலாம்."

பதிவேட்டில் அடித்தல் திருத்தல் கூடாது என்பது நான் முப்பது ஆண்டுகள் காத்த ஒழுங்கு. ஒரு விதி நம்மிடம் நீண்ட நாள் இருந்துவிட்டால் அது நமக்கு ஒளிந்துகொள்ளவும் பயன்படும் என்று அன்று கண்டுகொண்டேன். ஆறு மணி நான்கு நிமிடத்துக்குக் கலம் தரையைத் தொட்டது. பிள்ளைகள் பெஞ்சின் மேல் ஏறிக் குதித்தார்கள். ஆசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் பதிவேட்டைத் திறந்து, முந்தின நாள் பதிவுக்கு நேர் கீழே, இடைவெளி விடாமல், "23.08.2023, புதன்" என்று தொடங்கினேன். அவர் கேட்ட ஒரு வரிக்கான இடம் அதோடு போயிற்று.

செப்டம்பர் முதல் வாரத்தில் அவர் கடிதத்தை நினைவூட்டினார். தலைமையாசிரியர் பதிவேட்டை எடுத்துவரச் சொன்னார். நான்தான் எடுத்துப் போனேன். அவர் அந்தப் பக்கத்தைத் திருப்பி ஆசிரியைக்குக் காட்டினார்.

"டீச்சர், நான் சொல்லல, ரிஜிஸ்டர் சொல்லுது. எதிர்பார்த்த பலன் கிட்டவில்லைன்னு கெடக்கு. நாளைக்கு எவனாவது வந்து, பகல்ல செஞ்சதே நடக்கல, அப்பறம் எதுக்குப் பொழுது சாஞ்சப்பறம் பொம்பளப் புள்ளைங்கள நிக்க வெச்சேன்னு கேட்டா, நான் இன்னா சொல்றது?"

"சார் கிட்டயே கேளுங்க சார்" என்றார் ஆசிரியை, என்னைக் காட்டி. "நடந்துச்சான்னு."

நடந்தது என்று சொல்ல எனக்கு ஒரு வார்த்தை போதும். என்னிடம் கணக்கு இருந்தது. என் நாட்குறிப்பில் 82½, 79¾, 11, 14 என்று நான்கு எண்கள் வரிசையாக இருந்தன. ஆனால் அதைச் சொன்னால், பன்னிரண்டு என்று அடித்துச் சொன்னவன் நான்தான் என்பதும், தெரிந்து இரண்டு வாரம் வாய் திறக்காதவன் நான்தான் என்பதும் கூடவே வெளிவரும்.

"நான் இருந்தவரைக்கும் மறையல சார்" என்றேன்.

ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஆசிரியை பதிவேட்டை மூடி என் பக்கம் நகர்த்தினார். பிறகு, "சரி சார். நீங்க இருந்தவரைக்கும் மறையலதான்" என்றார். அவர் என்னிடம் கோபமாகப் பேசியதில்லை. அன்றும் கோபம் இல்லை. அதன் பிறகு என்னிடம் நேரம் கேட்பதை மட்டும் நிறுத்திக்கொண்டார். வேறு யாரையாவது கேட்பார்.

அந்த ஆண்டு வளையத்தைப் பிள்ளைகள் பார்க்கவில்லை. இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. சனியின் வளையம் எப்போதும் ஒரே மாதிரித் தெரிவதில்லை. பூமியிலிருந்து பார்க்கும் கோணம் ஆண்டுக்காண்டு மாறும். 2023-லேயே அது ஒடுங்கத் தொடங்கியிருந்தது. அடுத்த ஆண்டு இன்னும் மெலிந்தது. 2025 மார்ச்சில் விளிம்பு மட்டும் நம் பக்கம் திரும்பி, பெரிய கருவிகளுக்கும் கோடாகிப்போனது. ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை அப்படி ஆகும். மறுபடி அது நன்றாக விரிவதற்குள் அந்த ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் பள்ளியைவிட்டுப் போயிருப்பார்கள். இதையெல்லாம் ஆசிரியை அன்றே அறிந்திருந்தார். அதனால்தான் ஆகஸ்டிலேயே கடிதம் வேண்டும் என்று அவசரப்பட்டார். எனக்கு அந்த அவசரம், ஏதோ சின்ன வயதுக்காரரின் பரபரப்பாகப் பட்டது.

கல்வியாண்டு முடிந்தபோது அவர் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க விண்ணப்பிக்கவில்லை. விளையாட்டு ஆசிரியர் கேட்டதற்கு, "தெனம் ரெண்டு பஸ்ஸு மாற முடியல சார்" என்றாராம். காரணம் அது மட்டும்தானா என்று நான் கேட்கவில்லை. கேட்கும் தகுதி எனக்கு இல்லை. கடைசி நாள் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு, என் மேசைக்கும் வந்தார்.

"வரேன் சார். உடம்பப் பாத்துக்குங்க."

"நல்லா இருமா" என்றேன். சொல்ல வேண்டியது அது இல்லை என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

2024 மே மாதக் கடைசியில் நான் ஓய்வு பெற்றேன். அன்று காலை பதிவேட்டை எடுத்து, புதுப் பக்கத்தில், அன்றைய தேதியிட்டு எழுதினேன்: 22.08.2023 அன்று நிழல் நண்பகல் 12.14-க்கு மறைந்தது, அந்த நேரத்தை அறிவியல் ஆசிரியை முன்கூட்டியே சரியாகக் கணித்திருந்தார், 12.00 என்று நேரம் குறித்தது என் பிழை. தலைமையாசிரியர் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இது எதுக்கு சார் இப்ப? அவங்களும் போய்ட்டாங்க, நீங்களும் போறீங்க. யாரு படிக்கப் போறா?" ஒப்பமிட்டுக் கொடுத்தார். அப்புறம் மெதுவாகக் கேட்டார், "அன்னைக்கே சொல்லியிருந்தா லெட்டர் குடுத்திருப்பனே சார்?"

பதிவேட்டை அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை அவர் மேசையில் வைத்தேன்.

அந்த ஆண்டு எங்கள் பக்கம் நிழலில்லா நாள் ஆகஸ்ட் 21, புதன்கிழமை. மொட்டை மாடியில் ஒரு காலித் தண்ணீர்ச் செம்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். என் மனைவி படியேறி வந்து பார்த்தார்.

"ராவுகாலத்துல வந்து வெயில்ல குந்திக்கினு இன்னா பண்றீங்க? அதுவும் வெறுஞ்செம்ப வெச்சிக்கினு?"

"ஒரு பத்து நிமிஷம் இரு. காட்டறேன்."

"எனக்கு அடுப்புல கொழம்பு இருக்கு." போய்விட்டார்.

பன்னிரண்டுக்கு வில்லியனூர் மணிகள் அடித்து ஓய்ந்தன. செம்பின் மேற்குப் பக்கம் நிழல் பிறை போல ஒட்டியிருந்தது. பன்னிரண்டு பத்துக்கு அது நூலாயிற்று. பன்னிரண்டு பதினான்குக்குச் செம்பின் உள்ளே அடிவரைக்கும் வெயில் ஒரே சீராக இறங்கியது. சுற்றிலும் நிழல் இல்லை. பதினேழுக்குக் கிழக்குப் பக்கம் புதிதாக ஒரு நூல் தொடங்கியது. அவ்வளவுதான் நிகழ்ச்சி. முந்தின ஆண்டு இதே மூன்று நிமிடத்தைத்தான் ஒருவர் காலி மைதானத்தில் தனியாகப் பார்த்துவிட்டு, இன்னொருவரும் பார்க்கட்டுமே என்று கூப்பிட்டிருக்கிறார். பார்த்ததும் எனக்கும் யாரையாவது கூப்பிட வேண்டும் போல இருந்தது.

ஆசிரியையை அழைத்துச் சொல்லிவிடலாம் என்று பலமுறை எண்ணினேன். ஒருமுறை அழைத்தும் விட்டேன். அந்த எண்ணில் இப்போது வேறு யாரோ பேசுகிறார்கள். முகவரி என்னிடம் இல்லை. சுத்துக்கேணிக்கு ஒருநாள் வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். கரும்பு லாரிகள் நின்றிருந்த கடைத்தெருவில் டீக்கடையில் விசாரித்தேன். கல்யாணமாகிப் போய்விட்டதாகவும், வீட்டில் யாரும் இப்போது இல்லை, பூட்டிக் கிடக்கிறது என்றும் சொன்னார்கள்.

இரண்டு தகவல்கள் கிடைத்திருக்கின்றன. விளையாட்டு ஆசிரியர் தொலைபேசியில் சொன்னது: ஆசிரியை திண்டிவனம் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் வேலை செய்கிறார், அங்கே சனிக்கிழமை சாயங்காலம் பிள்ளைகளுக்கு வானத்தைக் காட்டுகிறார். இதை விளையாட்டு ஆசிரியரிடம் சொன்னது அவர் சொந்தக்காரர் ஒருவர். நேரில் பார்த்தவர் யாரும் இல்லை. பழைய பள்ளியின் எழுத்தர் சொன்னது: புதுச்சேரியில் ஒரு துணிக்கடையில் ஆசிரியையைப் பார்த்துப் பேசினார், பள்ளி வேலையே வேண்டாம் என்று விட்டுவிட்டதாக அவரே சொன்னார். எந்த மாதம் என்று கேட்டேன், எழுத்தருக்கு நினைவில்லை. பார்த்தது அந்த ஆசிரியையைத்தானா, அவருடைய தங்கையையா என்றும் பிறகு சந்தேகப்பட்டார்.

முதல் தகவல் உண்மையாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். விரும்புவதால் அது சான்றாகிவிடாது. அவர் இன்றும் ஆசிரியராக இருக்கிறாரா இல்லையா என்பது, இதை எழுதும் இந்த நாள் வரை என்னால் சரிபார்க்கப்படவில்லை.